சொட்டும் இடம்

ஜூன் மாதம். மணி எட்டு; விடிய இன்னும் இரண்டு மணி நேரம்.
வைப்பருக்கு அடியில் ஒரு சீட்டு:
‘உங்கள் கார் என் வாசலை அழுக்காக்குகிறது. டனீசா.’
பக்கத்துப் பேக்கரிக்காரி.
கையெழுத்தில் கோபம் இல்லை. மாவு இருந்தது.

புன்தா அரேனாஸில் காற்று எதையும்
நேராக விழவிடாது,
மழையைக்கூடப் பக்கவாட்டில்தான் தரும்.
எண்ணெய்க்கு மட்டும் எப்படி வாய்த்தது
ஒரே இடம், ஒரே வட்டம்?

சுங்கமில்லாச் சந்தையில் வாங்கிய பழைய சுபாரு.
ஜப்பானில் வலப்பக்கம் இருந்த ஸ்டீரிங்கை
இங்கே யாரோ இடப்பக்கம் மாற்றிவைத்திருந்தார்கள்.
அன்றிலிருந்து ஹார்ன் அடித்தால் வைப்பர் ஆடும்.
சிக்னலில் நின்றால் கருகல் வாடை,
வாணலியை யாரோ அடுப்பில் மறந்துவிட்டதுபோல.

படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறவள் நான்.
மெக்கானிக் கேட்ட தொகைக்கு
நீரிணையைத் தாண்டிப் போர்வெனீருக்கு
அறுபது தடவை போய்வரலாம்.
போய் என்ன செய்வது என்பது வேறு விஷயம்.

அட்டைப்பெட்டியைக் கிழித்து இரவில் வண்டிக்கடியில் விரித்தேன்.
காலையில் மூன்று சொட்டு.
நேர் மேலே பார்த்தேன்: ஆயில் பான்.
அதன் போல்ட்டுகளை எல்லாம் இறுக்கினேன்.
மறுநாளும் மூன்று சொட்டு,
கொஞ்சம் பெரிதாகவே.

சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு.
நடுவில் அது ஊர்கிறது,
காற்று பின்னுக்குத் தள்ளத் தள்ள
விளிம்பு விளிம்பாய்ப் போய்
கைவிட ஓர் இடம் தேடுகிறது.

ஆல்டர்னேட்டருக்குப் பிளாஸ்டிக் பை கட்டி
எஞ்சினைக் கழுவினேன், காயவைத்தேன்.
தம்பி பசீலியோ பூட்ஸுக்குள் தூவும் பவுடரை
டப்பா காலியாகும்வரை கொட்டினேன்.
கடலோரமாய் இருபது நிமிட ஓட்டம்.
பானட்டைத் திறந்தால்
வெள்ளை வெளியில் ஒரே ஒரு பழுப்புக் கோடு,
எறும்புச் சாரை மாதிரி.
இடப்பக்க வால்வ் கவரின் கீழ்விளிம்பில் தொடங்கியிருந்தது.

இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் நிற்பதில்லை,
இரண்டு பக்கமும் படுத்துக்கொண்டே குத்துகின்றன.
படுத்திருக்கும் கவரின் கீழ்விளிம்பில்தான்
எண்ணெய் எப்போதும் சாய்ந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு
சட்டத்துக்கும் கவருக்கும் இடையில் கையை நுழைத்தேன்.
முட்டித்தோல் அங்கேயே தங்கிவிட்டது.
நான்கு போல்ட் வந்தது.
ஐந்தாவதில் பத்தாம் நம்பர் சாக்கெட் நழுவியது.
டிங்.
டிங்.
தரையில் விழும் மூன்றாவது சத்தம் வரவே இல்லை.

அரைமணி தேடினேன்.
பிறகு, வேறு வழியில்லாமல், டனீசா வீட்டுக் கதவு.
கேட்டதும் உள்ளே போனாள்,
ஒரு சாக்கெட்டை நீட்டினாள்,
ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்தினாள்.

பழைய கேஸ்கெட்டை ரப்பர் என்று சொல்ல முடியாது,
சுண்டினால் ஒலித்தது, வளைத்தால் முறிந்தது.
பள்ளத்தைத் துடைத்துப் புதியதை அழுத்தினேன்.
வளைவு திரும்பும் மூலைகளில்
பட்டாணியளவு சிலிக்கான்.
எதிரெதிராய், மாற்றி மாற்றி முடுக்கினேன்.
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கை கேட்டது.
கொடுக்கவில்லை.
பழைய எண்ணெயை வடித்துப் புதிதும் ஊற்றினேன்.

திங்கள் காலை அட்டை வெறும் அட்டை.
செவ்வாயும் அப்படியே.

புதன் மாலை வேலை முடிந்து வந்து
நிறுத்தத் திரும்பினால், ஹெட்லைட் வெளிச்சத்தில்
அதே இடத்தில்
மூன்று சொட்டு.

இறங்கி மண்டியிட்டுத் தொட்டேன்.
என்னுடையது இப்போது தேநீர் நிறம்.
இது மை. விரலை விடவில்லை.
முகர்ந்தேன்: டீசல் வண்டியின் கரி.
இரவில் என் கார் நிற்கும் இந்த இடத்தில்
பகலெல்லாம் நிற்பது அவள் ரொட்டி வேன்.

அவள் சீட்டு என் கோட்டுப் பையிலேயே இருந்தது.
பின்பக்கம் காலி. பேனாவும் இருந்தது.

கதவு திறந்தது.
என் விரலைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்,
எதிர்ச்சாரியில் நின்ற தன் வேனை
ரொம்ப நேரம் பார்த்தாள்.
உள்ளே போய் ஒரு டார்ச்சோடு திரும்பி வந்தாள்.
மறுகையில் பெரிய டப்பா.

‘பவுடர் இல்லை. மாவு ஆகுமா?’

‘ஆகாது,’ என்றேன், ‘வெந்துவிடும்.’

அவளுடைய பத்தாம் நம்பர் சாக்கெட்டை
நான் இன்னும் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை.